சிக் ரூம் நோட்டில் ஒரு வரி

கேள்வி:

ஐயா, ஏற்காட்டில் ஆண் பிள்ளைகள் மட்டும் தங்கிப் படிக்கும் ஒரு பெரிய பள்ளியில் பதின்மூன்று வருடமாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக ஜூனியர் ஹவுஸ் மாஸ்டரும் நான்தான். 64 பையன்கள் என் பொறுப்பில். மனைவி அங்கேயே பிரைமரி டீச்சர். மகன் ஒன்பதாவது படிக்கிறான்; ஸ்டாஃப் பிள்ளை என்பதால் ஃபீஸில் முக்கால்வாசி தள்ளுபடி. குடியிருப்பது பள்ளி குவார்ட்டர்ஸில்.

சேர்ந்த புதிதில் ஒரு டிரஸ்டிக்கு வேண்டிய பையனுக்கு இன்டர்னல் மார்க்கை 13இலிருந்து 18 ஆக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். அப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு அப்படி நடந்தது. பறிமுதல் செய்த செல்போனை, அப்பா ஒரு போன் போட்டதும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பெரிய வகுப்புப் பையன்கள் சின்னவர்களை ஷூ பாலிஷ் போட வைப்பதும் துணி துவைக்க வைப்பதும் எனக்குத் தெரியும். 'இங்கே இதெல்லாம் வழக்கம்' என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டேன்.

போன நவம்பரில் ஒரு ராத்திரி, லைட் அணைத்த பிறகு, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை மூன்று சீனியர்கள் டார்மில் வைத்து 'விசாரித்தார்கள்'. ஒருவன் கையை முறுக்கியதில் எலும்பு முறிந்துவிட்டது. முறுக்கியவனுக்கு வயது 16. பள்ளிக்குப் பெரிய நன்கொடை தரும் குடும்பத்துப் பிள்ளை. பிரின்சிபால் இரவோடு இரவாக என்னைக் கூப்பிட்டு, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதிவிடுங்கள், மற்றதை நாம் உள்ளுக்குள் பார்த்துக்கொள்வோம்' என்றார். சிக் ரூம் நோட்டில் நான்தான் எழுதினேன். சேலம் ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். பாத்ரூம் கழுவும் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு வேறு சிலவும் நடந்ததாகத் தெரிகிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜனவரியில் பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வாரம் அவன் தாயார் போன் செய்து, 'சார், நீங்க சொன்னா நம்புறேன், அன்னிக்கு என்னதான் நடந்தது?' என்று கேட்டார். வழுக்கி விழுந்தான் என்றுதான் சொன்னேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. பள்ளியின் உப்பைத் தின்றவன், காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு வெளியேறிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம், ஏற்காடு)

பதில்:

சார், அந்த ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள். கிழித்துப் போடவும் வேண்டாம், பீரோவில் வையுங்கள். அதற்கு ஒரு நேரம் வரலாம். இப்போது இல்லை.

நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அஸ்தம்பட்டி கோர்ட்டில் முப்பது வருடமாக வக்கீல் தொழில் பார்ப்பவன் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும், எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் கடிதத்தில் இன்டர்னல் மார்க்குக்கு ஒன்றரைப் பக்கம். தூக்கம் போனது, மகன் முகத்தைப் பார்க்க முடியாதது எல்லாமாக இன்னொரு ஒன்றரைப் பக்கம். அந்த ராத்திரிக்கு முக்கால் பக்கம். பாத்ரூம் கழுவும் அம்மாவை நிறுத்தியது ஒரே வரி. அதை எழுதிய கையோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பையன் வழுக்கி விழுந்தான் என்றால் தரை ஈரமாக இருந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தது என்றால் யாரோ சரியாகத் துடைக்காமல் போயிருக்க வேண்டும். அது யார்? நோட்டில் நீங்கள் எழுதிய வரி தானே நடந்துபோய் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிரின்சிபால் அந்த அம்மாவை வேண்டுமென்றே பழிவாங்கினார் என்றுகூட நான் நினைக்கவில்லை. பொய்யை நிஜம்போல் நடத்த வேண்டுமென்றால் நிஜத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்துதான் ஆக வேண்டும். லைட் அணைத்த பிறகு நடந்த சம்பவம் இது. பெருக்கிக் கழுவுகிற வேலைக்கு வருபவர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே, பனி இறங்குவதற்குள் மலைக்கிராமத்துக்கு நடையைக் கட்டியிருப்பார்கள். இந்த விவகாரத்தில் இன்றுவரை தண்டனை அடைந்த பெரியவர் அவர் ஒருவர்தான். கையை முறுக்கியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதச் சொன்னவருக்கும் எழுதிய உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பையனின் படிப்பும் ஒரு அம்மாவின் சம்பளமும் மட்டும் போயிருக்கின்றன.

இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ராஜினாமாவை ஏன் தடுக்கிறேன் என்பது இங்கே இருந்துதான் புரியும். நீங்கள் இன்று வேலையை விட்டால் உங்கள் மனம் கொஞ்சம் லேசாகும். அந்த அம்மாவுக்கு வேலை திரும்பி வராது. நோட்டில் உள்ள வரி மாறாது. நீங்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் சேர்வதற்குள், அந்த நோட்டு பழைய கோப்புகளோடு அலமாரிக்குள் போய்விடும். அதைத் தொடவோ திருத்தவோ உங்களுக்கு உரிமை இருக்காது. நாளைக்கு யாராவது கேட்டால் நிர்வாகம் என்ன சொல்லும்? 'அப்போதிருந்த ஹவுஸ் மாஸ்டர் எழுதியது, அவர் இப்போது இங்கே இல்லை.' சத்தம் போடாமல் போகிற ராஜினாமாவை எந்த நிர்வாகமும் மாலை போட்டு வாங்கிக்கொள்ளும்.

மார்க் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. ஆனாலும் ஐ.சி.எஸ்.இ. ஆனாலும் முக்கியப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளி கையில் 20. அந்த இருபதில் ஐந்தைக் கூட்டிக் கொடுத்தது தப்புதான், சந்தேகம் இல்லை. இனிமேல் செய்யாதீர்கள், கேட்டால் 'எழுத்தில் கொடுங்கள் சார்' என்று சொல்லுங்கள், பாதி வேண்டுகோள் அத்தோடு நின்றுவிடும். ஆனால் கடிதம் முழுக்க இதை நீட்டி எழுதியிருப்பது, இதைச் சொல்வது உங்களுக்குச் சுலபமாக இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 'வழக்கம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சின்னவன் பெரியவனுக்கு ஊழியம் செய்வது இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகளில் ஊறிக்கிடந்த பழக்கம். அங்கே அதற்கு 'ஃபேகிங்' என்று பெயரே வைத்திருந்தார்கள். 1828இல் ரக்பி பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்டு, மேல் வகுப்பு மாணவர்கள் கையில் கீழ் வகுப்புகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொடுத்து அதை ஒரு முறையாகவே வளர்த்தார். பிரிஃபெக்ட், ஹவுஸ், ஹவுஸ் மாஸ்டர் எல்லாம் அந்த வழியில் நம் மலைகளுக்கு வந்தவை. ஏற்காட்டுக் காப்பியும் வெள்ளைக்காரர் கொண்டுவந்ததுதான்; 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பேரைச் சொல்வார்கள். காப்பி நம் மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது, குறையில்லை. இதுவும் பிடித்துக்கொண்டதுதான் வம்பு. அங்கே அவர்களே கைவிட்டதை நாம் இங்கே பாரம்பரியம் என்று பாதுகாக்கிறோம்.

ஆனால் பாரம்பரியம் என்பது மேலே போர்த்திய சால்வைதான். உள்ளே இருப்பது ஆள் கணக்கு. 64 பையன்களுக்கு ராத்திரியில் யார் இருந்தார்கள்? நீங்கள், ஒரு மேட்ரன், வெளியே ஒரு வாட்ச்மேன். மூன்று பேரால் 64 பையன்களை அடக்கித் தூங்க வைக்க முடியாது. அடக்கியது சீனியர்கள். நீங்கள் ஒன்பதரை மணிக்குக் குவார்ட்டர்ஸுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுக்க முடிந்ததற்கு அவர்கள்தான் காரணம். அதற்கு நீங்கள் கொடுத்த விலை ஷூ பாலிஷும் துணி துவைப்பதும். நிர்வாகத்துக்கு இது இன்னும் லாபம்: இரண்டு வார்டன் சம்பளம் மிச்சம். ஆறு வருடமாக எல்லோருக்கும் சௌகரியமாக ஓடிய ஏற்பாடு ஒரு நவம்பர் ராத்திரி கை எலும்பில் வந்து நின்றது. அந்த மூன்று பையன்களும் அன்றைக்குப் புதிதாக ஒரு எல்லையைத் தாண்டியதாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய ஹவுஸ் மாஸ்டர் நீங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பயமுறுத்த இல்லை, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள.

எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் சாதாரணக் காயம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் அது கொடுங்காயம். அதை வேண்டுமென்றே ஏற்படுத்தினால் 117இன்படி ஏழு ஆண்டு வரை போகலாம். குற்றம் செய்தவரைக் காப்பாற்றத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 238ஆம் பிரிவு. பழைய இ.பி.கோ. 201 என்றால் உங்களுக்கே புரியும். அது உங்கள் மேலும், எழுதச் சொன்னவர் மேலும் பாயக்கூடிய பிரிவு. இன்னொன்று, தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம், 1997. மருத்துவக் கல்லூரி மாணவர் பொன் நாவரசு 1996இல் கொல்லப்பட்ட பிறகு வந்தது. கல்லூரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் எந்தக் கல்வி நிறுவனமானாலும் என்றுதான் சொல்கிறது. ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரை, அதற்கு உடந்தையாக இருந்தவராகவே கருதும் பிரிவும் அதில் உண்டு.

இப்போது அந்த ராத்திரியைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரி. 'வேறு சிலவும் நடந்ததாகத் தெரிகிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது.' சார், இந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நான் நினைப்பது இல்லை என்றால் மிகவும் சந்தோஷம். நான் நினைப்பதுதான் என்றால், அதாவது பாலியல் சம்பந்தப்பட்ட எதுவாகவும் இருந்தால், உங்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓர் ஆண்டு வரை. செய்தவர்களும் 18 வயதுக்குக் கீழே என்பதால் இந்தக் கடமை போய்விடாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர்மீது வழக்கு வராது என்பதையும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியென்றால், நான் கீழே எழுதப்போகும் வரிசை எதுவும் வேண்டாம். இந்தப் பதிலைப் படித்த அன்றே போலீஸ், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. நீங்களாக அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பிரின்சிபால் உங்களிடம் ஒன்று சொல்லியிருப்பார், எழுதாவிட்டாலும் என்னால் ஊகிக்க முடியும்: 'போலீசுக்குப் போனால் அந்தப் பெரிய பையன் வாழ்க்கை வீணாகிவிடும்.' இதைக் கேட்டால் எந்த வாத்தியாருக்கும் மனம் இளகும். சட்டம் இளகிய மனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் செய்ததை இளைஞர் நீதிக் குழுமம்தான் பார்க்கும், சாதாரண கோர்ட் இல்லை. இது 'கொடிய குற்றம்' என்ற வகைக்குள் வராதவரை அவன்மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, அவன் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். குழுமம் அறிவுரை சொல்லி அனுப்பலாம், கவுன்சலிங்குக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இதனால் அவனுக்குப் பின்னாளில் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது என்கிறது. 74ஆம் பிரிவு, அவன் பெயரை யாரும் வெளியிடக்கூடாது என்கிறது. அவன் வாழ்க்கை வீணாகும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது நன்கொடை நின்றுபோகும் என்றுதான். பதினாறு வயதில் ஒருவன் கையை முறித்துவிட்டு, அதற்கு ஒரு பள்ளியே சேர்ந்து பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றியதைப் பார்த்தவன் இருபத்தாறில் என்ன ஆவான் என்று அவர்களிடம் நான் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் வந்ததில்லை.

உப்பு விஷயம். மாதச் சம்பளத்தில் கையெழுத்துப் போடுவது கரெஸ்பாண்டென்ட், சரி. பணம் யாருடையது? அந்த ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா கட்டிய ஃபீஸும் அதில் இருக்கிறது. உப்புக்கு விசுவாசம் என்றால் கணக்கு வாத்தியார் அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். வேறு ஊரில் ஒரு பள்ளி நிர்வாகம், சீனியர் மூலமாக என்னிடம் வந்தது. ஒரு வாத்தியார் அறைந்ததில் எட்டாம் வகுப்புப் பையனுக்கு முன்பல் போய்விட்டது. 'விளையாடும்போது தடுக்கி விழுந்ததில்' என்று தொடங்கும் விளக்கக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். நல்ல கடிதம். ஒரு சந்து பொந்து இல்லாமல் அடைத்திருந்தேன். ஃபீஸ் ஆயிரத்து ஐந்நூறு, அன்றைக்கு அது எனக்குப் பெரிய பணம். ஏழெட்டு வருடம் கழித்து, பாகப்பிரிவினை வழக்குக்காக ஒரு விவசாயி என் ஆபீசுக்கு வந்தார். பேச்சுவாக்கில் மகனைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'பல்லு ஒடைஞ்சுட்டு வந்து வாத்தியார் அடிச்சாருன்னு சொன்னான் சார். பள்ளிக்கூடத்துலருந்து தெளிவா லெட்டர் போட்டிருந்தாங்க, தடுக்கி விழுந்தான்னு. படிக்கப் பிடிக்காம பொய் சொல்றான்னு நான் வேற பெல்ட்டால வெளுத்துட்டேன்.' சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மகன் அதற்குப் பிறகு அவரிடம் அதிகம் பேசுவதில்லையாம், காரணம் அவருக்குப் புரியவில்லையாம்.

நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. கட்சிக்காரர் ரகசியம் என்று எனக்கு ஒரு கௌரவமான சாக்கு இருந்தது. உங்களுக்கு அதுகூட இல்லை.

இப்போது அந்தத் தாயார் செய்த போனை மறுபடி யோசித்துப் பாருங்கள். நவம்பரில் நடந்தது. ஜனவரியில் டி.சி. இத்தனை நாள் கழித்து எதற்காகக் கூப்பிட்டார்? பையன் வீட்டில் வாயைத் திறந்திருக்கிறான். முழுதாகச் சொன்னானோ, பாதி சொன்னானோ. நம்புவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியாக உங்கள் வார்த்தையை வைத்து முடிவு செய்யலாம் என்று போனை எடுத்திருக்கிறார். 'நீங்க சொன்னா நம்புறேன்' என்றால் அதுதான் அர்த்தம். நீங்கள் சொன்னீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் பொய்யன் என்று பெயர் வாங்கியது யார்?

அதனால்தான் ராஜினாமா உதவாது என்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரு சாட்சியம். அந்தப் பையன் சொல்வது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே பெரியவர் நீங்கள். வேலையை விடுவது அதற்கு ஈடாகாது.

என்ன செய்வது? முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள், இந்த வாரமே. பள்ளியின் சட்ட ஆலோசகரிடம் போகக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நீங்கள் எழுதப்போவது உங்களுக்கு எதிராகவும் பயன்படக்கூடும் என்பதால், ஒவ்வொரு வரியையும் அவர் பார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும். தண்டனையே வராது என்று நான் உறுதி தர மாட்டேன். யாரோ கண்டுபிடித்து வெளியே இழுப்பதற்கும் நீங்களே முன்வந்து சொல்வதற்கும் கோர்ட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு, அதை மட்டும் அனுபவத்தில் சொல்லலாம்.

பிறகு உட்கார்ந்து அந்த ராத்திரியை எழுதுங்கள். தேதி, மணி. கண்ணால் பார்த்தது தனியாக, பிள்ளைகள் சொல்லிக் கேட்டது தனியாக. பிரின்சிபால் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார், என்ன வார்த்தை சொன்னார். அலங்காரம் வேண்டாம், 'என் மனசாட்சி' என்ற சொல் வரவே கூடாது. கடைசியில் கையெழுத்து.

நோட்டைப் பற்றி ஜாக்கிரதையாகக் கேளுங்கள். பழைய வரியை அடிக்காதீர்கள், அழிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள், நோட்டை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். கடைசிப் பதிவுக்குக் கீழே அன்றைய தேதி போட்டு, இன்ன தேதியில் இன்ன பதிவு உண்மை அல்ல, எழுதியது நான், விவரம் தனிக் கடிதத்தில் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கடிதம் பிரின்சிபாலுக்கும் கரெஸ்பாண்டென்ட்டுக்கும் தபாலில், ஒப்புதலோடு போகட்டும். நேரில் கொடுத்தால் 'உட்காருங்க சார், பேசலாம்' என்பார்கள். உட்கார்ந்தால் போச்சு.

ஆஸ்பத்திரியிலும் ஒரு பதிவு இருக்கும், ஏ.ஆர். காப்பி என்பார்கள், விபத்துப் பதிவேட்டின் நகல். கூட வந்தவர் சொன்னதை 'வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் டாக்டர் எழுதியிருப்பார். கை ஊன்றி விழுந்தால் எலும்பு முறியும் விதமும், முறுக்கினால் முறியும் விதமும் பல சமயம் எக்ஸ்ரேயில் வேறு வேறாகத் தெரியும். அந்த எக்ஸ்ரே இன்னும் எங்கேயோ இருக்கிறது.

கடிதத்தின் நகல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போக வேண்டும். பெயர் சொல்லாமல் 1098க்கு ஒரு போன் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா என்று ஓர் ஆசை வரும். போன் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் விசாரணைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது சிக் ரூம் நோட்டைத்தான், அதில் உங்கள் கையெழுத்தில் பாத்ரூம்தான் இருக்கும்.

குடும்பம். இங்கே உங்களைச் சும்மா தைரியமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இரண்டு சம்பளம், வீடு, மகன் படிப்பு, எல்லாம் ஒரே கிளையில் கட்டிய கூடு. இந்த மாதிரிப் பள்ளிகளில் மனைவிக்கும் வேலை கொடுத்துக் குவார்ட்டர்ஸும் கொடுப்பது அன்பினால் மட்டும் இல்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வக்கீலைப் பார்க்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வேலையும் இதில் போகலாம், அவருக்குத் தெரியாமல் பந்தயம் வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. மகன் ஒன்பதாவது என்பது ஒரு சிக்கல்: போர்டு பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும், பத்தாம் வகுப்புக்குப் பள்ளி மாற்றுவது நினைத்தவுடன் ஆகிற காரியம் இல்லை. சேலத்தில் அதே போர்டு பள்ளிகளில் இப்போதே விசாரித்து வையுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் வாடகை வீடு ஒன்றும் பார்த்து வையுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதற்கு ஒரு வழி செய்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள். ஒரு மாதம் தாமதமானால்கூட நான் குறை சொல்ல மாட்டேன், போக்சோ விஷயமாக இல்லாதவரை. ஒரு வருடம் ஆனால் சொல்வேன்.

ஆனால் தாயாரை அந்த ஒரு மாதம் காக்க வைக்காதீர்கள். வக்கீலைப் பார்த்த மறுநாளே நேரில் போங்கள். போனில் வேண்டாம். பையனின் அப்பாவும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். பையன் வீட்டில் இருந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 'அவன் சொன்னதுதான் நிஜம், நான் சொன்னது பொய்' என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். ஏன் செய்தேன் என்ற விளக்கத்தை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கோபப்பட்டால் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கொண்டு புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்தைத் திணிக்காதீர்கள்.

பாத்ரூம் கழுவும் அம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லி அனுப்புங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. கோர்ட் வளாகத்திலேயே விசாரித்தால் வழி காட்டுவார்கள். நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் நகல் ஒன்று அவரிடமும் இருந்தால், தன்மேல் தப்பில்லை என்று காட்ட வேறு எதுவும் தேவைப்படாது. அவரை நேரடியாகப் பள்ளி வேலைக்கு வைத்ததா, கான்ட்ராக்டர் மூலமாகவா, நிறுத்தியபோது சம்பளப் பாக்கி எத்தனை நாளுக்கு இருந்தது, இவற்றைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் பெயர்கூட இல்லை.